மயில் கொத்திய கருப்புக் கார்: ஒரு பெயிண்ட் கரெக்‌ஷன் வேலையின் முழு விவரம்

வைகாசி கடைசியில் ஒரு காலை, கோமங்கலம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு கருப்பு செடான் கிணத்துக்கடவு தாண்டி ரோட்டோரம் இருக்கிற என் ஷெட்டுக்கு வந்தது. காரின் பெயிண்டில் விழுந்த கோடுகளை மெஷின் வைத்து மெல்லிசாகச் சீவிச் சரிசெய்கிற கரெக்‌ஷன் வேலைதான் இங்கே. 2019 மாடல், 68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, மெட்டாலிக் கலக்காத சுத்தக் கருப்பு. ஓட்டி வந்த டிரைவர் அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கூட வந்தவர் காரின் முதலாளி, தென்னந்தோப்புக்காரர். இறங்கியதும் இடது முன் கதவைக் காட்டினார். "மயிலு கொத்திப் போட்டுருச்சுங்க தம்பி. இதை மட்டும் எடுத்துக் குடுத்தீங்கன்னாப் போதும்."

நம்ம பக்கத்தில் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், கார் நிறுத்துகிறவர்களுக்கு இது புதிதில்லை. சித்திரை, வைகாசியில் ஆண் மயிலுக்கு மூர்க்கம் ஏறும். பளபளப்பான கதவில் தன் உருவம் தெரிந்தால் வேறொரு ஆண் மயில் வந்து நிற்கிறது என்று நினைத்துக் கொத்தும், தாவிக் காலால் உதைக்கும். கருப்புக் கார் என்றால் கேட்கவே வேண்டாம், கண்ணாடி மாதிரி உருவம் காட்டும். இந்தக் கதவில் கைப்பிடிக்குக் கீழே ஒரு முழ நீளத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாகப் பதினைந்து இருபது கோடுகள். அலகு பட்ட இடத்தில் புள்ளி புள்ளியாகவும் இருந்தது.

ஆனால் காரை வெயிலில் திருப்பி நிறுத்தச் சொல்லிப் பார்த்தபோது எனக்கு மயில் கோடு பெரிதாகத் தெரியவில்லை. பானெட், கூரை, டிக்கி எங்கே பார்த்தாலும் சூரியன் விழுகிற இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னின மாதிரி வட்டவட்டமான மெல்லிய கோடுகள். கருப்பு கருப்பாகவே இல்லை, சாம்பல் பூத்துக் கிடந்தது. இதைத்தான் ஸ்வர்ல் மார்க் என்கிறோம். வட்டமாகத் துடைத்ததால் வட்டமாக விழுந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கோடுகள் எல்லாத் திசையிலும் இருக்கும், வெளிச்சத்துக்குக் குறுக்கே ஓடுகிறவை மட்டும் மின்னுவதால் வெளிச்சத்தைச் சுற்றி வளையம் போலத் தெரிகிறது. வீட்டில் பல வருசம் நார் போட்டுத் தேய்த்த எவர்சில்வர் போசியை வெயிலில் கொண்டுபோய்த் திருப்பிப் பாருங்கள், அதே வளையம் இருக்கும். டியூப் லைட்டில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, வெளிச்சம் ஒரு புள்ளியிலிருந்து வந்தால்தான் காட்டிக்கொடுக்கும்.

"மூணு மாசம் முன்னால பாலீஷ் போட்டமுங்க, அன்னைக்குக் கண்ணாடி மாதிரி இருந்துச்சு, ரெண்டு மாசத்துல திரும்ப வந்துருச்சு" என்றார் முதலாளி. அப்போதே எனக்கு விசயம் பாதி புரிந்துவிட்டது. முழுசாகப் பார்க்க மூன்று நாள் காரை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

கழுவிய பிறகு

முதல் நாள் முழுக்கக் கழுவுவதற்கே போனது. கரெக்‌ஷன் வேலையில் இதை அவசரமாக முடிக்கிறவர்கள் பின்னால் ரெண்டு மடங்கு கஷ்டப்படுவார்கள். முதலில் காரைத் தொடாமல் ஃபோம் அடித்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பிரஷர் வாஷரில் மேலிருந்து கீழே அடித்து இறக்கினேன். அதற்குப் பிறகுதான் கை வைத்தது, ஷாம்பு வாளி ஒன்று, அலசுகிற வாளி ஒன்று, கீழ்ப்பகுதிக்குத் தனித் துணி. காய்ந்த பிறகு இரும்புத் துகளைக் கரைக்கிற அயர்ன் ரிமூவர் அடித்தால், பின்சக்கரத்துக்கு மேலேயும் டிக்கிக் கதவிலும் ஊதா நிறத்தில் கண்ணீர் மாதிரி ஒழுகியது. பிரேக் டிஸ்க் தேய்ந்து பறக்கும் இரும்புப் பொடி சூட்டோடு பெயிண்டில் பதிந்து துருப்பிடித்து உட்கார்ந்திருக்கும், அந்த இரும்போடு மருந்து சேரும்போதுதான் ஊதா ஆகிறது. நாற்றம் மட்டும் தாங்க முடியாது. பிறகு தார் எடுத்து, கடைசியில் களிமண் மாதிரி இழுபடும் கிளே பார் வைத்து, நிறைய வழவழப்புத் தண்ணீர் தெளித்து ஒவ்வொரு பேனலாக உருவினேன்.

இப்போது கையை பிளாஸ்டிக் கவருக்குள் விட்டுத் தடவினால் வழவழவென்று இருந்தது. பார்வைக்கு மோசமாகிவிட்டது. பழைய பாலீஷின் எண்ணெயும் மெழுகும் கோடுகளுக்குள் போய் அடைத்து மறைத்திருந்தன, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைத்ததும் எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஸ்வர்லுக்கு அடியில் பானெட்டில் கை அகலத்துக்குப் பட்டை பட்டையாக, நடந்தால் கூடவே நகரும் ஒளித்தடம். ஹோலோகிராம் என்போம். ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷினில் கம்பளி பேட் போட்டு வேகமாக அடித்துவிட்டு, அதற்கு மேலே மெல்லிசாக ஃபினிஷிங் செய்யாமல் மெழுகைப் பூசி அனுப்பினால் இப்படித்தான் ஆகும். அன்றைக்குக் கண்ணாடி, ரெண்டு மாசத்தில் மெழுகு கழுவிப் போனதும் பழைய கோடும் அவர்கள் போட்ட புதுக் கோடும் சேர்ந்து வரும். எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை.

பானெட் நடுவில் இன்னொன்று. மூன்று வட்டமான மங்கல் பொட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணயம் அளவு. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமம். பூஜை முடிந்து ஒரு வாரம் வெயிலில் காய்ந்து ஒட்டியதை வறண்ட துணியால் சுரண்டித் தேய்த்திருக்கிறார்கள், பொட்டு போய்விட்டது, அதன் எல்லை அப்படியே நின்றுவிட்டது. பூஜை போட வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. கண்ணாடியில் வைக்கலாம், நம்பர் பிளேட்டில் வைக்கலாம். பானெட்டில்தான் வைக்க வேண்டும் என்றால் மறுநாளே நிறையத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு எடுத்துவிடுங்கள்.

கூரையிலும் கண்ணாடியிலும் போர்த் தண்ணீரின் வெள்ளைப் புள்ளிகள். அவர் தோட்டத்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவு, பார்த்தேன், 1,400 காட்டியது. தண்ணீர் ஆவியாகிப் போகும், சுண்ணாம்பு போகாது. புதுசாக இருந்தால் வினிகரைத் தண்ணீரில் கலந்து வைத்தாலே கரைந்துவிடும். இங்கே பாதிதான் கரைந்தது, மீதிப் புள்ளிகள் பெயிண்டைத் தின்று சின்னப் பள்ளமாகியிருந்தன.

மீட்டர் சொன்னது

மெஷினைத் தொடுவதற்கு முன்னால் பெயிண்ட் கனம் அளக்கிற மீட்டரை எடுத்தேன். இதில்லாமல் கரெக்‌ஷன் செய்வது ஆழம் தெரியாத கிணற்றில் குதிக்கிற வேலை. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான், நம் தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் இருக்கும். கம்பெனியிலிருந்து வரும் காரில் துருத்தடுப்பு, பிரைமர், கலர், கிளியர் கோட் எல்லாம் சேர்ந்து பொதுவாக 90 முதல் 150 மைக்ரான். அதில் மேலே இருக்கிற நிறமில்லாத கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 வரை, அதாவது ஒரு முடியைவிட மெல்லிசு. வெயிலைத் தாங்குவது, பளபளப்பைத் தருவது எல்லாம் அந்த ஒரு ஏடுதான். கோடு விழுவதும் அதில்தான், நாம் சீவப்போவதும் அதைத்தான்.

கோட்டை "எடுப்பது" என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர எடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை, அது ஒரு பள்ளம். உழுத காட்டில் பரம்படித்தால் மேட்டு மண் பள்ளத்தில் விழுந்து நிரம்பிவிடும். இங்கே அப்படி நிரம்பாது, சுற்றி இருக்கிற மேட்டையெல்லாம் பள்ளத்தின் அடிமட்டம் வரைக்கும் சீவ வேண்டும். சீவியது திரும்ப வராது. அதனால் ஒரு காருக்கு ஆயுளில் இத்தனை முறைதான் என்று கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கில் ஒரு பகுதியை முன்னாலேயே யாரோ செலவழித்திருந்தால் எனக்கு மிச்சம் குறைவு.

ஒரே இடத்தில் ஐந்து முறை அளந்து சராசரி எடுத்தேன், மீட்டரே ஒன்றிரண்டு மைக்ரான் ஆடும். கூரை 108 முதல் 114. பானெட் நடுவில் 114. இடது முன் கதவு 109 முதல் 115. இதெல்லாம் கம்பெனி பெயிண்ட். பானெட்டின் இடது மடிப்பில் மட்டும் 84. பழைய ரோட்டரி தின்றதோ, கம்பெனியிலிருந்தே மெல்லிசாக வந்ததோ, எதுவானாலும் அந்த மடிப்புக்கு மேல் டேப் ஒட்டிவிட்டேன், அங்கே மெஷின் போகாது. வலது பின் கதவில் 290, கீழே 410. பட்டி பார்த்து மறுபெயிண்ட் அடித்த கதவு. முதலாளியிடம் போனில் கேட்டேன், "ஆமாங்க, பொள்ளாச்சியில ஒரு டெம்போக்காரன் இடிச்சுட்டான், மறந்தே போச்சுங்க" என்றார்.

மீட்டர் 400 காட்டினால் நிறைய இருக்கிறது, தாராளமாகத் தேய்க்கலாம் என்று புதுப் பையன்கள் நினைப்பார்கள். அந்த 400-இல் பெரும்பகுதி பட்டியும் பிரைமரும். மீட்டர் இரும்புக்கு மேலே இருக்கிற மொத்தக் கனத்தைத்தான் சொல்லும், கிளியர் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது.

மெஷின்

இரண்டாம் நாள் காலை டெஸ்ட் ஸ்பாட். டிக்கியின் மேல் இரண்டடிக்கு இரண்டடி டேப் ஒட்டி, இருப்பதிலேயே சாதுவான சேர்க்கையில் ஆரம்பித்தேன்: சுழன்றுகொண்டே 15 மில்லிமீட்டர் ஆடவும் செய்கிற டிஏ மெஷின், மென்மையான ஃபோம் பேட், ஃபைன் பாலீஷ். நாலு சுற்று அடித்துத் துடைத்து ஆல்கஹால் வைத்துப் பார்த்தால் கோட்டில் பாதிதான் போயிருந்தது. அடுத்து நடுத்தர ஃபோம் பேடில் கம்பவுண்ட், ஃபைன் பாலீஷைவிடக் கரடாகச் சீவுகிற பசை. கோடு பத்தில் எட்டுக்கு மேல் போய்விட்டது, ஆனால் கருப்பில் லேசாகப் பனி படர்ந்த மாதிரி ஒரு மங்கல் நின்றது. பெயிண்ட் மென்மையானது, கம்பவுண்டே தன் தடத்தை விடுகிறது. அதன் மேல் ஃபைன் பாலீஷ் ஒரு சுற்று போட்டதும் மங்கல் போய், ஷெட்டின் கூரைத் தகரத்தில் இருக்கிற ஆணிகளை டிக்கியில் எண்ண முடிந்தது. ஆக இந்தக் காருக்கு இரண்டு கட்டம் போதும். கம்பளி பேடோ உப்புத்தாளோ தேவையில்லை என்று இந்த இரண்டடியே சொல்லிவிட்டது.

அப்புறம் அதே வேலைதான், பேனல் பேனலாக. இரண்டடிக்கு மேல் ஒரு நேரத்தில் எடுக்கக் கூடாது. மெஷினை விநாடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் நகர்த்த வேண்டும், பார்க்கிறவர்களுக்குத் தூங்குகிறோமோ என்று தோன்றும். ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் பேடைப் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும், சீவிய பெயிண்ட் பேடில் ஏறிக் கட்டியானால் அதுவே புதுக் கோடு போடும். வெயில் ஏறினால் கம்பவுண்ட் இரண்டு நிமிடத்தில் பொரிந்துபோகும், அதனால் பதினொரு மணிக்கு நிறுத்தி நாலு மணிக்கு மேல் தொடர்ந்தேன். மேற்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்த வாரமே லேசாகத் தொடங்கியிருந்தது, ஷெட்டின் மேற்குப் பக்கம் படுதாவை இறக்கித் தரையில் தண்ணீர் தெளித்துத்தான் வேலை. குவாரி லாரி ஒன்று போனால் போதும், பாதி பாலீஷில் தூசி விழுந்துவிடும்.

வலது பின் கதவில் பயந்தது நடந்தது. ஃபைன் பாலீஷ்தான், வேகமும் குறைவு. முதல் சுற்று முடித்து மெஷினைத் திருப்பிப் பார்த்தால் மஞ்சள் பேட் கருப்பாக இருந்தது. கிளியர் கோட்டைச் சீவினால் பேடில் நிறம் வராது, படிகிற கசடு வெள்ளையாகத்தான் இருக்கும். நிறம் வந்தால் இரண்டில் ஒன்று, கிளியர் தேய்ந்து கலருக்கு இறங்கிவிட்டோம், இல்லையென்றால் அந்தக் கதவுக்குக் கிளியரே அடிக்கவில்லை. எனக்கு ஒரு கணம் கை சில்லிட்டது. கதவின் உள்மடிப்பில், யாரும் துடைக்காத இடத்தில், துணியில் கொஞ்சம் பாலீஷ் எடுத்துத் தேய்த்தேன், அங்கேயும் கருப்பு வந்தது. அப்போதுதான் மூச்சு வந்தது. பட்டறையில் கிளியர் இல்லாமல் கருப்புப் பெயிண்ட் மட்டும் அடித்து முடித்திருக்கிறார்கள். சுத்தக் கருப்பில் அப்படி அடிக்கும் வழக்கம் உண்டு. தவறென்று சொல்ல மாட்டேன், ஆனால் தேய்க்கத் தேய்க்கப் போவது கலரேதான். அந்தக் கதவை மெஷினிலிருந்து விலக்கி, கையாலேயே பாலீஷ் போட்டு விட்டுவிட்டேன். மற்ற கதவுகளைவிட ஒரு படி மங்கல்தான், படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பிச் சொல்லியும் விட்டேன்.

மயில் கோடு

கடைசியாக இடது முன் கதவு. முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர். கோட்டின் மேல் தண்ணீர் பட்டதும் கோடு மறைந்தால் அது கிளியருக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம், மறையாவிட்டால் அதைத் தாண்டிவிட்டது. எல்லாமே மறைந்தன, இரண்டைத் தவிர. நகத்தை மெதுவாகக் குறுக்கே இழுத்தேன். மற்றவற்றில் வழுக்கிப் போனது, அந்த இரண்டில் தடுக்கி நின்றது. காலால் உதைத்த நகக்கோடுகள், ஒன்று நாலு அங்குலம், இன்னொன்று அதில் பாதி.

கம்பவுண்டிலும் ஃபைன் பாலீஷிலும் மற்றதெல்லாம் போயின. அந்த இரண்டை என்ன செய்வது என்பதுதான் இந்த வேலையில் நான் ரொம்ப நேரம் யோசித்த இடம். 2000 நம்பர் வாட்டர் பேப்பரில், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாளில், தேய்த்து இறக்கினால் கோடு இன்னும் மெலியும், முதலாளி கேட்டதும் அதைத்தான், வந்ததே அதற்குத்தான். ஆனால் முழுசாக மறைய வேண்டுமென்றால் அந்த இடத்தில் கிளியரே மிஞ்சாது, இரண்டு மூன்று வெயில் காலத்தில் வெளுத்து உரிய ஆரம்பிக்கும், அப்புறம் கதவு முழுக்கப் பெயிண்ட் அடிக்க வேண்டும். கம்பெனி பெயிண்ட் போனால் போனதுதான். அதனால் சின்ன மூன்று அங்குல பேடில் கோட்டின் இரு விளிம்பையும் மட்டும் மெதுவாக உருட்டிவிட்டேன். கூர் விளிம்புதான் வெளிச்சத்தை உடைத்துக் காட்டும், விளிம்பு மழுங்கினால் நேரே நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது. சாய்ந்து பார்த்தால் தெரியும்.

வேலை முடிந்து பானெட் நடுவில் அளந்தேன், 111. மூன்று மைக்ரான் போயிருக்கிறது.

டிரைவர் அண்ணனின் துணி

மூன்றாம் நாள் மாலை இருவரும் வந்தார்கள். முதலாளி சுற்றிச் சுற்றிப் பார்த்தார், நான் அந்த இரண்டு கோட்டையும் நானே காட்டி, ஏன் விட்டேன் என்று சொன்னேன். கொஞ்சம் முகம் சுருங்கியது. "கதவு நல்லா இருந்தாப் போதுமுங்க" என்று பிறகு சொன்னார்.

டிரைவர் அண்ணன் ஒன்றும் பேசாமல் டிக்கியைத் திறந்து ஒரு துணியை எடுத்துப் பானெட்டைத் துடைக்கப் போனார். பழக்கம். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். திருப்பூர் பனியன் வேஸ்ட். நம்ம ஊரில் எந்த வண்டியின் டிக்கியிலும் அதுதான் இருக்கும், கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கும். வாங்கி விரித்துப் பார்த்தேன். ஓரத்தில் ஓவர்லாக் தையல் கட்டியாக நின்றது, அதில் நைலான் நூல், மடிப்பு முழுக்கச் செம்மண். உதறினால் உள்ளங்கையில் நறநறவென்று விழுந்தது. மண்ணில் இருக்கிற குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறும், கிளியர் கோட் அதற்கு முன்னால் எம்மாத்திரம்.

"தினம் காலையில எந்திரிச்சதும் தொடைச்சுருவனுங்க தம்பி. ஒரு நாள் உட்டதில்லீங்க. வண்டி மேல ஒரு தூசி இருக்க உடமாட்டனுங்க."

அதைக் கேட்டு எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்தக் காரை அவரைவிட அக்கறையாகப் பார்த்துக்கொண்டவர் யாரும் இல்லை, அத்தனை கோட்டையும் போட்டதும் அந்த அக்கறைதான். மயில் போட்டது இருபது கோடு. முதலாளி முன்னால் இதைச் சொல்ல மனசு வரவில்லை, அவர் டீ குடிக்கப் போனபோது அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்து, சரி செய்யாமல் விட்டிருந்த கதவு நிலைப் பகுதியில் பழைய வலையையும் பக்கத்தில் புது பானெட்டையும் காட்டினேன். ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். "அப்பத் தொடைக்கவே கூடாதுங்களா?" என்றார்.

துடைக்கலாம் அண்ணா, தண்ணியோட துடைங்க என்றேன். தூசியோடு இரண்டு நாள் நின்றால் காருக்கு ஒன்றும் ஆகாது, தூசியை வறண்ட துணியால் இழுக்கும்போதுதான் ஆகிறது. வாரம் ஒரு தடவை நிழலில் நிறுத்தி, முதலில் தண்ணீர் அடித்து மண்ணை இறக்கிவிட்டு, ஷாம்பு வாளி ஒன்று, அலசுகிற வாளி ஒன்று. கடைசி அலசலுக்குப் போர்த் தண்ணீர் வேண்டாம், வீட்டு ஆர்ஓவிலிருந்து ரெண்டு குடம் போதும். உடனே தடிமனான மைக்ரோஃபைபர் துண்டை மேலே போட்டு ஒற்றி எடுக்க வேண்டும். அவரையே என் ஷெட்டில் ஒரு முறை செய்யச் சொல்லிப் பார்த்தேன், என் பையன்களைவிட நிதானமாகச் செய்தார்.

முதலாளி செராமிக் கோட்டிங் கேட்டார், பெயிண்டின் மேல் பூசினால் இறுகி நிற்கிற பாதுகாப்புப் பூச்சு. 9ஹெச் என்று விளம்பரத்தில் பார்த்து, கோடே விழாது என்று நினைத்திருந்தார். அந்த 9ஹெச் பென்சில் கடினத்தின் அளவு, கல் கடினத்தின் அளவில்லை. செம்மண்ணை வைத்துத் தேய்த்தால் அதன் மேலேயும் கோடு விழும், போர்த் தண்ணீர்ப் புள்ளி அதன் மேலேயும் ஒட்டும். கோட்டிங் நல்ல பொருள்தான், நானே போடுகிறேன். கழுவும் முறை மாறாத காருக்கு அதை விற்க எனக்கு விருப்பமில்லை. இப்போதைக்கு ஒரு சீலன்ட், சில மாசம் தாங்குகிற பூச்சு, போட்டிருக்கிறேன், மூன்று மாசம் கழித்துக் கொண்டு வாருங்கள், அப்போது பேசலாம் என்று அனுப்பினேன்.

ஆவணி கடைசியில் வந்தார்கள். ஆடிக் காற்று முழுக்க அடித்து ஓய்ந்திருந்தது, காற்றாலைக்காரர்கள் சந்தோசமாக இருந்த வருசம், காருக்கு அதைவிட மோசமான மூன்று மாசம் கிடையாது. கழுவி, ஆல்கஹால் துடைத்து, விளக்கடித்துப் பார்த்தேன். பானெட்டும் டிக்கியும் அப்படியே இருந்தன. கூரையின் பின்பக்கம் ஐந்தாறு நேர்க்கோடுகள். நடுவில் ஒரு வாரம் காற்றுக்குப் பயந்து கவர் போட்டு மூடியிருக்கிறார்கள், தூசி இருந்த கார் மேல் கவர் ஆடி ஆடித் தேய்த்திருக்கிறது. ஃபைன் பாலீஷில் கையாலேயே போய்விட்டது. கவரை அண்ணன் அன்றைக்கே எடுத்து நெல்லு மூட்டைக்குப் போர்த்திவிட்டாராம்.

இடது முன் கதவில் அந்த இரண்டு கோடும் இருக்கின்றன, எங்கே நின்று பார்த்தால் தெரியும் என்று முதலாளிக்கு இப்போது மனப்பாடம். வரும் சித்திரைக்கு முன்னால் சாளைக் கொட்டகைக்குப் படுதா கட்டிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். கோட்டிங்கை அதற்கு அடுத்த மாசம் போடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.